அம்பாசமுத்திரத்தின் வரலாற்றை வாய்க்காலிலிருந்து எழுத வேண்டும்

அம்பாசமுத்திரத்தின் பழமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாலுகா அலுவலகத்திலோ இரயில் நிலையத்திலோ தொடங்கிவிடுகிறார்கள். தாமிரபரணிக் கரையிலுள்ள இந்தச் சிறிய நகராட்சி, அவற்றுக்கெல்லாம் ஓராயிரம் ஆண்டுகள் முன்பே வரவு செலவுக் கணக்கோடு இயங்கிய ஊர் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

எரிச்சாவுடையார் கோயிலில் கிடைத்த வரகுண பாண்டியனின் 9ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு இதற்குச் சான்று. அப்போது இவ்வூர் முள்ளிநாட்டைச் சேர்ந்த இளங்கோக்குடி. தொண்டை நாட்டில் பெண்ணையாற்றங்கரையில் உள்ள அரைசூரில் தங்கியிருந்த அரசன், 290 காசுகளை இவ்வூர்ச் சபையாரிடம் ஒப்படைக்கிறான். முதல் குறையாமல், ஒரு காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் (கலம் என்பது பழைய தானிய அளவு) வீதம் 580 கலம் நெல்லை அவர்கள் கோயிலுக்கு அளந்துவர வேண்டும். அதைக்கொண்டு நாள்தோறும் நான்கு வேளை படைக்கும் திருவமுதுக்கு நெய், தயிர், வாழைப்பழம், காய்கறி, வெற்றிலை வரை திட்டம் செய்யப்பட்டிருக்கிறது.

அரசனின் கொடையைவிட, அதை ஏற்ற சபையின் துணிவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. விளைச்சலில் உறுதியான நம்பிக்கை உள்ள ஊர்தானே ஆண்டு தவறாமல் இவ்வளவு நெல் அளப்பதாக ஒப்புக்கொள்ள முடியும்? அந்த நம்பிக்கையை ஆறும், ஆற்றுநீரை வயலுக்குத் திருப்பிய உழைப்புமே தந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பக்கத்திலுள்ள மன்னார்கோவிலிலும் பிரம்மதேசத்திலும் அத்தனை பெரிய கற்கோயில்கள் எழுந்ததற்கும் இந்த நஞ்சை வளமே அடிப்படை. நதியுண்ணிக் கால் என்னும் வாய்க்காலும், அக்கரையில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிரியும் கன்னடியன் காலும் இன்றும் கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களுக்கும் நீர் கொடுக்கின்றன. 1937இல் இங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும், அம்பை 16 என்ற நெல் ரகம் தமிழகமெங்கும் விளைந்ததும் அந்தத் தொடர்ச்சியில் வந்தவையே.

ஆகவே வாய்க்காலில் கழிவுநீரை விடுவதையும், மடை அடைபட்டுப் போகும்படி வயலை மனையாக்குவதையும் வெறும் சுகாதாரக் குறையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை; ஊர் உருவான காரணத்தையே அவை அழிக்கின்றன. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருமுன் கால், மடை, வடிகால் அனைத்தையும் காட்டும் வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்தக் கல்வெட்டின் வாசகத்தை இன்றைய தமிழ் விளக்கத்தோடு நகர்மன்றக் கூடத்தில், உறுப்பினர்கள் அமரும் இடத்துக்கு எதிரிலேயே பதிக்க வேண்டும்.