காசு கொட்டினால் மட்டும் கிண்ணம் வராது
கால்பந்தில் அதிகம் செலவழிக்கும் கழகம்தான் கடைசியில் கிண்ணம் தூக்கும் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது, இங்கிலாந்துக் கழகமான செல்சியின் ரசிகனான என்னால் அதை ஏற்கவே முடியவில்லை. 2023 ஜனவரியில் என்சோ பெர்னாண்டஸ் என்ற வீரருக்கு 100 மில்லியன் பவுணுக்கு மேல் கொடுத்தோம், அந்தப் பருவத்தை இங்கிலாந்து லீக்கில் 12ஆம் இடத்தில் முடித்தோம். 2016இல் அதே லீக்கில் சம்பியனான லெஸ்டர், தன் முக்கிய வீரர் மஹ்ரெஸை வாங்கக் கொடுத்தது அரை மில்லியன் கூட இல்லை. அதற்காகக் காசே தேவையில்லை என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் எழுதியிருப்பதும் சரியில்லை. லிவர்பூல் 2018இல் பின்கள வீரர் வான் டைக்குக்கும் கோல்காப்பாளர் அலிசனுக்கும் பெருந்தொகைதான் கொடுத்தது, ஆனால் ஓட்டை எங்கே என்று பார்த்து வாங்கினார்கள், அடுத்த வருடமே ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் கிண்ணம் வந்தது. இங்கே மட்டக்களப்பில் ஒரு சுற்றுப்போட்டிக்கு எங்கள் கழகமும் வெளியூர் முன்கள வீரர்கள் இரண்டு பேரைக் காசு கொடுத்துக் கூட்டிவந்தது. நல்ல ஆட்டக்காரர்கள்தான், ஆனால் எங்கள் இடது விங்கர் கோட்டோரமாக ஓடிப்போய்ப் பந்தைப் பின்னுக்குத்தான் வெட்டிக் கொடுப்பான் என்பது அவர்களுக்குத் தெரியாது, இருவரும் நேரே கோல் வாயிலுக்குள் போய் நிற்பார்கள், பந்து ஆளில்லாத இடத்தில் உருண்டு போகும், பார்க்கவே வயிறு எரியும். செல்சி செலவழித்ததில் கூட எனக்குக் கோபமில்லை, சொந்த அகடமியில் வளர்ந்த மேசன் மவுண்டையும் கோனர் கலஹரையும் விற்றதில்தான். அகடமி வீரரை விற்றால் வரும் தொகை முழுவதும் கணக்கில் இலாபமாகவே விழும், வாங்கிய வீரரின் விலையோ ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்துச் செலவாக எழுதப்படும், அதனால்தான் வீட்டுப் பிள்ளைகளை முதலில் விற்கிறார்கள். கட்டுரை அந்தக் கணக்கு விதியைப் பற்றி ஒரு வரி கூடச் சொல்லவில்லை.