ஆமாம், அந்தப் பிள்ளை தூங்கினாள்

இரண்டு நாளாகப் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. எந்தப் புகைப்படம் என்று தெரியாதவர்கள் என் நட்புப் பட்டியலில் இனி யாரும் இருக்க வாய்ப்பில்லை, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அறிவியல் தினச் சொற்பொழிவில் கடைசி வரிசையில் வாயைத் திறந்தபடி தூங்கும் அரசுப் பள்ளி மாணவி, மேலே "நம் வரிப்பணம் உறங்குகிறது" என்று ஒரு வரி, கீழே நானூறு சிரிப்புப் பொம்மைகள். அந்தப் பிள்ளை என் வகுப்பு. ஒன்பதாவது. திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

ஆமாம், தூங்கினாள். நான் மறுக்கவே இல்லை.

அன்றைக்கு அவள் எழுந்தது மூன்றரை மணிக்கு. அப்பா வெளியூரில் கட்டட வேலை, வீட்டில் இரண்டு கறவை மாடு. கறந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குளித்து, ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு ஐந்தரைக்கெல்லாம் பள்ளி வாசலில் நின்றாள், எனக்கு முன்னால். வேனில் எல்லோருக்கும் உட்கார இடம் போதவில்லை (இதற்கும் யாராவது ஒரு பதிவு போடுங்கள்), பாதி வழி நின்றுகொண்டுதான் வந்தாள். அரங்கத்துக்குள் போனால் ஏசி, மெத்தை வைத்த நாற்காலி. குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை உரை, பொன்னாடை, இதற்கே ஐம்பது நிமிடம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முழுக்க ஆங்கிலத்தில் ஓர் உரை, கண்ணுக்கு எட்டாத எழுத்தில் அறுபது ஸ்லைடு. நான் இயற்பியல் படித்தவள், எனக்கே கண் சொருகியது. முதல் வரிசையில் பொன்னாடை போர்த்தியபடியே ஒருவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை ஏன் யாரும் படம் எடுக்கவில்லை என்று எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை.

பதினான்கு வயதுப் பிள்ளை தூங்கினால் குற்றம் பிள்ளை மேல் இல்லை, தூங்க வைத்த பேச்சின் மேல். இதைத்தான் சொல்ல வந்தேன், வேறு மாதிரி சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை.

அதுவும் யாரைப் பற்றிய நாள்? பிப்ரவரி 28. ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் கொஞ்சம் நிறம் மாறி வருகிறது என்பதை (ராமன் விளைவு) 1928இல் சி.வி. ராமன் கண்டறிந்த நாள். அவர் 1888இல் பிறந்த திருவானைக்கோவில், நாங்கள் உட்கார்ந்திருந்த அரங்கத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போகிற தூரம். மேடையில் ஒருத்தராவது அதைச் சொல்ல வேண்டுமே! 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிவதால்தான் கடல் நீலமாக இருக்கிறது என்று பெரிய பெரிய ஆட்கள் சொல்லி வைத்திருந்த காலம். இவர் கையிலிருந்த சின்னப் பட்டகம் ஒன்றை வைத்து, அப்படி வானத்திலிருந்து பட்டுத் திரும்பும் ஒளியை மறைத்துவிட்டுப் பார்க்கிறார், அப்போதும் கடல் நீலமாகத்தான் இருக்கிறது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற யோசனை அங்கே பிடிக்கிறது, ஏழு வருடம் கழித்து நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பில் போய் நிற்கிறது. இந்தக் கதையைத் திரும்பி வரும்போது வேனில் நின்றபடி நான் சொன்னேன். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. என்னைப் பாராட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் அதற்கும்தான்.)

"மிஸ், நீங்க முன்கூட்டியே தயார் செய்து கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று ஒரு தம்பி கருத்து போட்டிருந்தார். தயார் செய்திருக்க வேண்டும்தான். பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு விடைத்தாள், எமிஸ் (கல்வித்துறை இணையதளத்தில் பள்ளி விவரம் ஏற்றும்) பதிவு எல்லாம் முடித்த பிறகு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாடவேளை. அதில் "யாரும் வாந்தி எடுக்காதீங்க, பை கொண்டு வாங்க" என்று சொல்லத்தான் நேரம் இருந்தது. இதைக் குறை என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். "யூடியூபில் எல்லாம் இருக்கே, எதற்கு வேன்?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. வரிப்பணம் என்கிறவர்களுக்கு ஒரு தகவல்: வேன் வாடகைக்குத் தலைக்கு 150 ரூபாய் பிள்ளைகளே கொண்டு வந்தார்கள். கொண்டு வர முடியாத ஐந்து பேருக்கு யார் போட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் வரிப்பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது.

ஆங்கிலம் தெரியாமல் அறிவியல் எப்படி என்று கேட்கிற கூட்டமும் உண்டு. நான் ஆங்கிலம் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? பக்கத்து வரிசையில் இருந்த ஆங்கில வழிப் பிள்ளைகளும்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் தூங்கியவள்தான். 1994இல் ஏழாம் வகுப்பு. எங்கள் சார் துறையூரில் ஒரு சொற்பொழிவுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனதும், லாரியிலேயே அது கொட்டியதும் நன்றாக நினைவிருக்கிறது. முதலில் பேசியவர் என்ன பேசினார் என்று இன்று வரை தெரியாது, ஏனென்றால் பக்கத்தில் இருந்த பிள்ளையின் தோளில் சாய்ந்துவிட்டேன். இரண்டாவதாக வந்தவர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு நோட்டையும் ஒரு தாளையும் கையில் எடுத்தார். தனித்தனியாகப் போட்டார், நோட்டு பொத்தென்று விழுந்தது, தாள் ஆடி ஆடி வந்தது. பிறகு அந்தத் தாளை நோட்டின் மேல் வைத்துப் போட்டார். இரண்டும் சேர்ந்தே விழுந்தன. "ஏன்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போய்விட்டது. இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் அதைச் செய்கிறேன். அன்றைக்கு என்னை யாராவது படம் எடுத்து ஊர் முழுக்கக் காட்டியிருந்தால் மறுபடி எந்தச் சொற்பொழிவுக்காவது போயிருப்பேனா?

1812இல் லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த ஓர் இளைஞனுக்கு வாடிக்கையாளர் ஒருவர் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார். கேட்டதையெல்லாம் எழுதி, தானே பைண்டிங் செய்து டேவிக்கே அனுப்பினான். அவன்தான் பின்னாளில் பெரிய விஞ்ஞானியான மைக்கேல் பாரடே. பாரடே தூங்கவில்லையே என்று கேட்க வருவீர்கள், தெரியும். டேவி மேடையிலேயே சோதனை செய்து காட்டுகிற ஆள், அறுபது ஸ்லைடு போடுகிற ஆள் இல்லை.

அந்தப் படம் எடுத்தவர் மதியத்துக்கு மேல் இருந்திருந்தால் இன்னொரு படம் கிடைத்திருக்கும். மூன்றாவதாகப் பேசியவர் பாறை, புதைபடிவம் ஆராயும் நிலவியல்காரர், தமிழில் பேசினார். சுருண்ட சங்கு மாதிரி ஒரு கல்லைத் திரையில் காட்டி, அம்மோனைட், ஏறத்தாழ பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் கடலில் வாழ்ந்தது என்றார். கடைசி வரிசையிலிருந்து எங்கள் பையன் எழுந்து, "சார், இது எங்க காட்டுல கெடக்குது சார்" என்றான். அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எந்த ஊர்ப்பா?" என்று கேட்டார். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் பக்கம் என்றதும் மேடையிலிருந்து இறங்கிக் கடைசி வரிசைக்கே நடந்து வந்துவிட்டார். தூங்கினாளே அந்தப் பிள்ளை, அவள் எழுந்து அந்தப் பையனோடு சண்டை: "காட்டுல இல்ல சார், ஓடையிலதான் நெறைய, அவன் பாத்ததே இல்ல." காட்டிலும் இருக்கும் ஓடையிலும் இருக்கும், உங்கள் ஊரே ஒரு காலத்தில் கடல், சாத்தனூர் கல்மரம் பார்த்திருக்கிறீர்களா, மரமே கல்லாகிப் போனது, 18 மீட்டர் நீளம் என்று அவர் நின்றபடியே கால் மணி நேரம் பேசினார். இதை யாரும் படம் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களை ஏன் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள் என்பதும் ஒரு கதை. முன்னால் ஆறு வரிசை அட்டை ஒட்டி வைத்திருந்தது, அதில் இரண்டு வரிசை மாலை வரை காலியாகவே கிடந்தது. கேட்டேன். "அது ஸ்கூல்ஸுக்கு மேடம்" என்றார் ஒரு தொண்டர். அப்போது நாங்கள் யார்?

அந்தப் பிள்ளை நேற்று பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய மாமா வேலை பார்க்கிற இடத்தில் யாரோ காட்டி, அங்கிருந்து வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது. "படிக்க அனுப்பினா தூங்கப் போறியா" என்று அடி விழுந்ததாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள். சாயங்காலம் போய் அவள் அம்மாவிடம் பேசினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "பொம்பளப் புள்ள படத்த கேக்காம எப்டி மிஸ் போடுவாங்க?"

படம் போட்டவர் பதிவை நீக்கிவிட்டாராம். மன்னிப்பெல்லாம் இல்லை, "தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது" என்று ஒரு வரி. ஸ்கிரீன்ஷாட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்று காலை எங்கள் குடும்பக் குழுவிலேயே என் சித்தப்பா அனுப்பினார், அது என் மாணவி என்று தெரியாமல். உங்களுக்கு வந்திருந்தால் அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.