சக்கையைச் சூளைக்கு அனுப்புங்கள்

பீர் ஆலைக் கழிவிலிருந்து கட்டுமானப் பொருள் செய்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தால், என் நண்பர்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் உடனே பகிர்ந்துவிடுகிறார். கீழே நூறு இதயக்குறிகள். எனக்கும் இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் இது எங்கே உருப்படும், எங்கே படத்தோடு நின்றுவிடும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன். என்னைக் கேட்டால் இதை முடிவு செய்பவை இரண்டு: ஈரம், தூரம்.

குடியை ஆதரிக்கிறாயா என்று கேட்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 19,000 கோடி லிட்டர் பீர் தயாராகிறது. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதன் மிச்சம் வந்துகொண்டேதான் இருக்கும். அதை என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்துவிட்டால் தொட்டியின் அடியில் தங்குவது சக்கை. ஆலையிலிருந்து வெளியேறும் திடக் கழிவில் பெரும்பகுதி இதுதான். தொட்டியிலிருந்து அப்போதுதான் தள்ளிய சக்கையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆவி பறக்கிறது, கஞ்சி வாசனை அடிக்கிறது. ஆறவைத்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரல் இடுக்கில் தண்ணீர் வழிகிறது. உள்ளே மாவு எதுவும் இல்லாத வெறும் தோல்கள், உமி, கொஞ்சம் பிசுபிசுப்பு. மறுநாளே புளிப்பு வாடை தொடங்கிவிடும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பக்கத்தில் நிற்க முடியாது.

100 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 20 கிலோ ஈரச் சக்கை என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் உலக அளவில் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டன்னுக்கும் மேல். ஆனால் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இதைத்தான் பெரும்பாலான செய்திகள் சொல்லாமல் விடுகின்றன.

ஒரு டன் ஈரச் சக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 800 கிலோ தண்ணீர், 200 கிலோ உலர்ந்த பொருள். மரத்தூள் பலகைபோல இதை அழுத்திப் பலகை செய்யத் தோதான அளவுக்குக் காயவைக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 780 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். துளி வெப்பம்கூட வீணாகவில்லை என்று வைத்தாலும் 490 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். கடைசியில் கைக்கு வருவது 220 கிலோ பொருள். முதலில் அழுத்திப் பிழிந்தால் செலவு கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனாலும் அந்த உலர்த்தியை எரிவாயுவில் ஓட்டிவிட்டு வெளிவரும் பலகைக்குப் பசுமை முத்திரை குத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செங்கலில் கதை மாறுகிறது. போர்ச்சுகலின் தோமார் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த எத்வார்தோ பெராஸ் குழுவினர் களிமண்ணில் சக்கையைக் கலந்து செங்கல் சுட்டுப் பார்த்து, 2013 வாக்கில் முடிவை வெளியிட்டார்கள். 5 சதவீதம் சக்கை சேர்த்த கல், வழக்கமான கல்லுக்கு ஈடான வலிமையோடு இருந்தது. வெப்ப இழப்போ 28 சதவீதம் குறைந்தது. காரணம் எளிது. சூளையில் வெப்பம் ஏறும்போது உமியும் நாரும் எரிந்து போகின்றன, அவை இருந்த இடமெல்லாம் சிறு சிறு காற்றறைகளாக நின்றுவிடுகின்றன. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அப்படிப்பட்ட கல்லை உடைத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பார்லித் தோலின் வடிவிலேயே ஒடுக்கமான துளைகள் தெரியும். நாற்றமும் சூளையோடு போய்விடுகிறது.

செங்கல் செய்கிறவர்களுக்கு இது புதுசும் இல்லை. உமியும் மரத்தூளும் காகித ஆலைக் கசடும் களிமண்ணில் போட்டுச் சுடுவது பழைய வழக்கம். சில தொழிற்சாலைகள் துளை உண்டாக்குவதற்காகவே தெர்மோகோல் மணிகளைக் கலக்கின்றன. பெட்ரோலியத்திலிருந்து வந்த அந்த மணிகளின் இடத்தைச் சக்கை பிடித்தால் அதுவே பெரிய லாபம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தண்ணீர்க் கணக்கு. ஒரு டன் காய்ந்த களிமண்ணுக்கு 50 கிலோ உலர் சக்கை வேண்டும் என்று வையுங்கள். ஈரத்தோடு அது 250 கிலோ, அதாவது 200 லிட்டர் தண்ணீர் கூடவே வருகிறது. களிமண்ணைப் பிசைந்து அச்சில் தள்ள எப்படியும் கிட்டத்தட்ட அவ்வளவு தண்ணீர் ஊற்றத்தான் போகிறார்கள்! பலகைக்காரருக்குத் தலைவலியாக இருந்த ஈரம் செங்கல்காரருக்குத் தேவையான பொருளாகிவிடுகிறது. தனியாக உலர்த்தி வேண்டாம். இன்னும் சுடாத பச்சைக் கல்லை எப்படியும் காயவைக்கிறார்கள், அதோடு சக்கையும் காய்ந்துவிடும். சூளையில் எரியும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் வெப்பமும் தரும்.

குறை இல்லாமல் இல்லை. சக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் கல் நொய்ந்து போகும், தண்ணீரை அதிகம் குடிக்கும். அவசரமாகச் சுட்டால் நடுவில் கரி தங்கிக் கறுப்பாக நிற்கும். உலர் சக்கையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். புரதத்தில் நைட்ரஜன் இருப்பதால் எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற கெடுதலான வாயுக்கள் கிளம்பும். பாதி எரிந்த புகையை மறுபடி எரித்து வெளியேற்றும் வசதி சூளையில் இருக்க வேண்டும். ஆலையின் பிரச்சினையைத் தூக்கிச் சூளைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் நுரையீரலில் வைக்கக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். துகள் பலகையில் மரத்தூளோடு சிறிதளவு சக்கை சேர்க்கலாம், அளவு கூடினால் பலகை பலமிழக்கிறது. சிமெண்டில் நேரடியாகப் போடுவது சரிவராது. சக்கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரையே அதற்குப் போதும். பூஞ்சை இழைகளை வளர்த்துக் கட்டியாக்கும் முறை அழகானது. 2014-இல் நியூயார்க்கில் சோளத்தட்டையில் பூஞ்சை வளர்த்துச் செய்த சுமார் 10,000 கற்களால் ஒரு கோபுரமே எழுப்பினார்கள். சக்கையிலும் பூஞ்சை நன்றாக வளரும். கேட்காத பூஞ்சையும் வளரும் என்பதால் முதலில் சக்கையைக் கிருமி நீக்க வேண்டும், அதற்கும் வெப்பம் வேண்டும். கிடைப்பது வெப்பத்தடுப்புக்கும் ஒலித்தடுப்புக்கும் நல்ல பொருள், பாரம் தாங்கும் சுவருக்கு ஆகாது.

சக்கையைவிடக் குறைவாகப் பேசப்படுவது வடிகட்டிக் கசடு. பீரைத் தெளியவைக்கப் பல ஆலைகள் டயட்டம் மண்ணைப் பயன்படுத்துகின்றன. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பாசிகளின் ஓடுகள் காலங்காலமாகப் படிந்து உண்டான மண் அது, பெரும்பகுதி சிலிக்கா. லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம்தான் செலவாகும். ஆனால் பயன்படுத்திய பின் ஈஸ்ட்டோடு கலந்த சேறாகிக் குப்பைமேட்டுக்குப் போகிறது. மாடு தின்னாது, வேறு போட்டியும் இல்லை. செங்கல் கலவைக்கு இதுவும் பொருத்தமானது. காய்ந்து தூளாகப் பறந்தால் நுரையீரலைக் கெடுக்கும், அதனால் ஈரமாகவே கையாள வேண்டும். கட்டுமான ஆய்வில் முதல் கவனம் இந்தச் சேற்றுக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

மாடு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. சக்கையில் பெரும்பகுதி இன்று மாட்டுத் தீவனமாகத்தான் போகிறது. அது நல்ல பயன். நாரும் புரதமும் பாலாக மாறும் இடத்தில் அதைப் பிடுங்கிச் செங்கலில் எரிப்பது நியாயமில்லை. அந்த இடத்தை நிரப்ப வேறெங்கோ சோயா விளைவிக்க வேண்டி வரும். பண்ணைகள் தொலைவில் இருக்கும் நகரத்துச் சிறு ஆலைகள், பண்ணைக்குப் போவதற்குள் புளித்துப்போன சுமைகள், திருவிழாக் காலத்தில் தீவனத் தேவையை மிஞ்சி வரும் உற்பத்தி, இவைதான் சூளைக்கு உரியவை.

தூரத்துக்கு வருகிறேன். ஈரச் சக்கையை லாரியில் ஏற்றினால் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரைத்தான் சுமக்கிறோம். நூறு கிலோமீட்டர் தாண்டி அப்படிக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை. ஆலையும் சூளையும் பக்கத்தில் இருந்தால், காலையில் வடித்த சக்கை மாலைக்குள் களிமண்ணில் கலந்துவிடும். நாற்றத்துக்கு நேரமே கிடைக்காது.

இதையெல்லாம் பீர் கம்பெனி தனியாகச் செய்ய முடியாது. 1960களில், ஹைனகென் என்ற டச்சு பீர் கம்பெனியின் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் ஹைனகென், ஜான் ஹப்ராகென் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு செங்கல்போல அடுக்கக்கூடிய சதுர பாட்டிலை வடிவமைத்தார். குடித்து முடித்த பாட்டிலால் வீடில்லாதவர்கள் வீடு கட்டலாம் என்பது கனவு. பாட்டில்களும் தயாராயின. ஆனால் திட்டம் சோதனையைத் தாண்டவில்லை. வீடு கட்டுவது பீர் விற்பவரின் தொழில் இல்லையே. சக்கைச் செங்கலுக்கும் முதல் நாளிலிருந்தே சூளைக்காரர் பங்காளியாக இருக்க வேண்டும்.

அதனால் புதிதாகப் பீர் ஆலைக்கு அனுமதி கொடுக்கும் நிர்வாகங்கள் ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும்: சக்கையும் வடிகட்டிச் சேறும் எங்கே போகும், எவ்வளவு தூரம், யாரோடு ஒப்பந்தம்? இந்தக் கல்லை விற்க வருபவர்கள் அதன் அழுத்த வலிமை, நீர் உறிஞ்சும் அளவு, வெப்பக் கடத்துதிறன், சூளைப் புகையின் அளவீடு எல்லாவற்றையும் விளம்பரத்துக்கு முன்னால் பொதுவில் வைக்கட்டும். அரசு கட்டும் பள்ளியிலோ மருத்துவமனையிலோ பாரம் தாங்காத உட்சுவர் ஒன்றை இந்தக் கல்லால் கட்டி, பக்கத்தில் சாதாரணக் கல்லில் ஒரு சுவரும் எழுப்பி, சில ஆண்டுகள் ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து பார்க்கட்டும். அளவு சரியாக வந்தால் அடுத்த கட்டடத்தின் ஒப்பந்தப்புள்ளியிலேயே அந்தக் கல்லின் பெயரை எழுதிவிடலாம்.