ஆள் குறைஞ்சா நாளும் குறையுமோ?

நேற்றுப் பின்னேரம் பத்தாம் ஆண்டு படிக்கிற மருமகன் கணிதக் கொப்பியோடு வந்து திண்ணையில் குந்தினான். கணக்கு இதுதான்: ஒரு வேலியை 6 பேர் 10 நாளில் அடைப்பார்கள் என்றால் 4 பேர் அடைக்க எத்தனை நாள்? பெடியனுக்கு மூன்று வரி போதுமாக இருந்தது. 6க்கு 10, அப்ப 4க்கு? குறுக்கே பெருக்கி 40ஐ 6ஆல் பிரித்தான், 6.67 நாள். கீழே இரண்டு கோடும் இழுத்துவிட்டான்.

முற்றத்தில் இருந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டார்: "ஏன் ராசா, ஆள் குறைஞ்சா நாளும் குறையுமோ?"

அம்மா பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு மட்டும். ஆனால் கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் அவர் நின்று அடைப்பித்த வேலிகளுக்குக் கணக்கில்லை. மருமகனுக்கும் இது தெரியாத விசயம் இல்லை. போன வருசம் அவர்கள் வீட்டு வேலி அடைக்க வந்தவர்களில் இரண்டு பேர் இடையில் வராமல் நின்றுவிட, வேலை இழுபட்டதை அவனே எனக்குச் சொல்லிச் சிரித்தவன். கொப்பியைத் திறந்தவுடன் அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிடுகிறான்.

பிறகு இருவரும் சேர்ந்து எழுதினோம். 6 பேர் 10 நாள் செய்தால் மொத்த வேலை 60 ஆள்நாள். பாடப்புத்தகம் இதை மனித நாட்கள் என்கிறது. ஒருவன் தனியே நின்று அடைத்தால் அவனுக்கு 60 நாள். அதை நாலு பேர் பங்குபோட்டால் 15 நாள். 'ஒருவன் தனியே' என்ற நடு வரியில்தான் கணக்கின் உயிர் இருக்கிறது. பெடியள் முதலில் வெட்டிவிடுவதும் அந்த வரியைத்தான்.

இதற்கு நான் பிள்ளைகளில் குறை சொல்ல மாட்டேன். ரியூசனில் நேரம் இல்லை, சோதனைக்கு முன் பாடத்திட்டம் முடிய வேண்டும், ஆகவே 'குறுக்குவழி' என்று ஒரு சூத்திரத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். எது நேர்விகிதம் (ஒன்று கூட மற்றதும் கூடும்), எது நேர்மாறு விகிதம் (ஒன்று கூட மற்றது குறையும்) என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் அந்தப் பெருக்கலைப் போடுகிறான் பெடியன்.

என் கதையும் அப்படித்தான், காரணம் மட்டும் வேறு. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் படித்தவன் நான். ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சம், கொப்பி கிடைப்பதும் அருமை. ஒரு பக்கத்தை நடுவில் மடித்து இரண்டு பக்கமாக்கி, நுணுக்கி நுணுக்கி எழுதுவோம். கடதாசியை மிச்சம் பிடிக்கப்போய் படிகளையும் மிச்சம் பிடிக்கப் பழகிவிட்டேன். கடதாசி தாராளமாகக் கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எத்தனை கணக்கில் விடை சரியாக வந்தும் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாமல் முழித்திருக்கிறேன்!

அடுத்த கணக்கு இலாப நட்டம். ஒரு பழைய சைக்கிளை 20 சதவீத இலாபத்தில் 18,000 ரூபாவுக்கு விற்றால் வாங்கிய விலை என்ன? இதில் பத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் விழுவார்கள், பெரியவர்களும்தான். மருமகன் 18,000இன் 20 சதவீதம் 3,600 என்று கழித்து 14,400 என்றான். நான் பிழை என்று சொல்லவில்லை. "சரி, 14,400க்கு வாங்கினவன் 20 சதவீதம் இலாபம் வைச்சா எவ்வளவுக்கு விப்பான்?" என்று மட்டும் கேட்டேன். விரல் விட்டு எண்ணி, இலாபம் 2,880, விலை 17,280 என்றான். பிறகு 18,000த்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அப்ப மிச்சம் 720 எங்க போனது மாமா?"

இலாபம் எதன் மேல் வைக்கப்படுகிறது என்பதுதான் கேள்வியே. வாங்கிய விலை 100 பங்கு என்றால் விற்ற விலை 120 பங்கு. 120 பங்கு 18,000 ரூபா, ஒரு பங்கு 150 ரூபா, ஆக 100 பங்கு 15,000 ரூபா. 'எதை 100 என்று எடுத்தேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்த வில்லங்கமே இல்லை. இப்போது அவன் கொப்பியில் சதவீதக் கணக்கு எல்லாவற்றுக்கும் மேலே அந்த வரியை எழுத வேண்டும் என்பது என் சட்டம். முகத்தைச் சுளிக்கிறான், எழுதுகிறான்.

சமன்பாட்டில் 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற மந்திரமும் இப்படித்தான். ஓர் எண்ணின் மூன்று மடங்கோடு 7ஐக் கூட்டினால் 22 என்றால், மூன்று மடங்கு 15 என்பதுவரை சரியாக வருவான். பிறகு அந்த 3ஐயும் 'அந்தப் பக்கம்' கொண்டுபோய்க் கழித்து 12 என்பான். தராசில் ஒரு தட்டில் எடுத்ததை மற்றத் தட்டிலும் எடு என்று சந்தைத் தராசைக் காட்டிச் சொன்னால் இந்தப் பிழை வராது. மூன்று மடங்கை மூன்றால் பிரித்தால் மற்றத் தட்டையும் மூன்றால் பிரிக்க வேண்டும், விடை 5.

படி எழுதினால் புள்ளி வரும் என்பதும் உண்மைதான். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரச் சோதனையின் கணிதத்தில் இரண்டாம் வினாத்தாளில் ஒரு கேள்விக்கு 10 புள்ளி. கடைசி விடை பிழைத்தாலும் செய்கைக்குரிய புள்ளி கிடைக்கும். கல்குலேட்டருக்கும் அங்கே இடமில்லை. ஆனால் இதைச் சொல்லிப் பிள்ளையை எழுத வைப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. புள்ளிக்காக எழுதுகிறவன் விடையை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் படிகளைப் பிறகு சோடிக்கிறான். நானும் செய்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

இன்று காலையில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து மருமகன் கேட்டான்: "மாமா, இரணைமடுக் குளம் நிறைஞ்சா 36 அடி எண்டினம். அப்ப 18 அடி நிண்டா பாதித் தண்ணியோ?"

"நீ என்ன நினைக்கிறாய்?"

வாயைத் திறந்தவன் மூடிவிட்டான். கொஞ்ச நேரம் நின்றான்.

"குளம் கீழ போகப் போக ஒடுங்கும் என்ன? பொறுங்கோ, படம் கீறிக்கொண்டு வாறன்."