ஆமாம், காதுகுத்து வீட்டில் உட்கார்ந்து நாவல்தான் படித்தேன்

ஸ்டேட்டஸ் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்து முடித்திருப்பீர்கள். இப்போது நான் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

தேவிபட்டினம் மண்டபத்தில் மூலையில் சேரைப் போட்டு நான் படித்தது 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் 1950களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவல். அதை ஒளிந்து நின்று வீடியோ எடுத்து "இங்கே புத்தகத்துக்குக் காது குத்துறாங்க, எல்லாரும் வாங்க" என்று போட்ட அத்தானுக்கு ஒரே ஒரு கேள்வி. எனக்குப் பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தீர்களா? அத்தனை பேரும் குனிந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தர் ரீல்ஸ் பார்க்கிற சத்தம் உங்கள் வீடியோவிலேயே கேட்கிறது. அவர்களெல்லாம் விசேஷத்துக்கு வந்தவர்கள். நான் மட்டும் திமிர் பிடித்தவள்.

படித்தேன். தன்னை மறந்துதான் படித்தேன். அதற்கு என்ன இப்போ?

"அதான் 1968லேயே படமா வந்துருச்சே" என்பவர்களுக்கு: சிவாஜி, பத்மினி, மனோரமாவின் ஜில் ஜில் எல்லாம் எனக்கும் உயிர்தான். ஆனால் படத்தில் ஒரு காட்சிக்குள் தீர்ந்துபோகிற வீறாப்பு நாவலில் பக்கம் பக்கமாகப் புகைகிறது. ஊரே கொண்டாடும் நாயனக்காரன், ஊரே கொண்டாடும் ஆட்டக்காரி. ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர், ஆனால் கைதட்டலுக்குப் பழகிய காது, பக்கத்தில் இன்னொருவருக்கு விழும் கைதட்டலைப் பொறுக்குமா? பேர் வாங்கினவர்கள் காதலுக்காக ஒரு படி இறங்குவதற்குள் படுகிற பாடு இருக்கிறதே, அதைப் படிக்கும்போது பந்திக்குக் கூப்பிட்டது என் காதில் விழவில்லைதான். நடுவில் புகுந்து கலைக்க வைத்தி என்கிற சூழ்ச்சிக்காரன் வேறு. (வைத்திகள் நம் சொந்தத்திலும் உண்டு, பேர் சொல்லவில்லை.)

அப்புறம், அன்றைக்கு அதே மண்டபத்தில் நிஜமாகவே ஒருவர் நாதஸ்வரம் வாசித்தார். யார் கேட்டது? பிள்ளை வீறிடுவது அமுங்கட்டும் என்று தவில்காரரை ஓங்கி அடிக்கச் சொன்னபோது மட்டும் எல்லாரும் திரும்பினார்கள். நாயனக்காரர் ஊதுகிற சீவாளியைத் துணியில் துடைத்து, மாற்றி, திரும்ப எடுத்து வாசித்ததை நான் பார்த்தேன். "புத்தகத்துல தலையை விட்டவ எப்படிப் பார்த்த?" என்று கேட்பீர்கள். பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். கதையின் நாயனக்காரன் ஷண்முகசுந்தரத்தைப் படித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் அந்த மனுஷன் கண்ணில் பட்டார். கடைசிப் பந்தியில் அவருக்கு அப்பளம்கூட இல்லை. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

சபை நாகரிகம் என்று பெரியவர்கள் சிலர் சொன்னீர்கள். சரி, கொஞ்சம் நியாயம்தான். ஆனால் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு கரையில் நிற்கிறது, வலைக் கொட்டகையில் சோறு தண்ணி மறந்து சீட்டு நடக்கிறது. அந்த நாகரிகத்தைப் பற்றி ஒரு ஸ்டேட்டஸ் போடுங்களேன், பார்க்கலாம். "பரீட்சைக்குப் படிச்சாலாவது பரவாயில்ல, காதல் கதை" என்று ஒரு கமெண்ட். பிரயோஜனமாகப் படித்தால்தான் பொம்பளைக்குப் படிப்போ?

அது கடையில் வாங்கிய புத்தகமும் இல்லை. என் அத்தை வாராவாரம் விகடனிலிருந்து கிழித்துச் சேர்த்து, ராமநாதபுரம் கொண்டுபோய் பைண்ட் பண்ணியது. ஓவியர் கோபுலு வரைந்த படங்களோடு. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்த ஓட்டை, பக்கத்துக்குப் பின்னால் பாதியில் நிற்கிற ஜோக்கு, எல்லாம் அப்படியே இருக்கிறது. எட்டாவதோடு நிறுத்தப்பட்டவர் அத்தை. அடுப்பைக் கவனிக்காமல் கதை படிக்கிறாள் என்று அப்பத்தா வாயில் அவர் வாங்காத பேச்சில்லை. ஆனால் ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் அதே அப்பத்தா, "அந்த நாயனக்காரன் என்ன ஆனான், வாசிடி" என்பாராம்.

அந்த அத்தை மடியில் வளர்ந்தவள்தான் என் அக்காவும். அவளும் வீடியோவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள். அத்தான் போட்டதைக்கூட விட்டுவிடலாம். நீயுமா அக்கா? அத்தை செத்த வீட்டில் அந்தக் கட்டு யாருக்கு என்று பேச்சு வந்தபோது "குப்பை, அவளே வச்சுக்கட்டும்" என்றாய். வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டதைத்தான் படித்தேன்.

கடைசியாக ஒன்று. அந்தக் கட்டில் நடுவே ஒரு வாரத்துப் பக்கங்கள் இல்லை. வீட்டில் பழைய விகடன் வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸ் வாருங்கள். புதுப் பதிப்பு கிடைக்குமே என்று யாரும் சொல்ல வேண்டாம், எனக்குக் கோபுலு படத்தோடு வேண்டும். ஜெராக்ஸ் என்றாலும் சரி.