ஒரு நாளைக்கு ஒரே ஓர் இடம்

பள்ளி விடுமுறை வந்தால் கோலாலம்பூரில் இருந்து எங்கள் சொந்தக்காரர்கள் பினாங்குக்கு வந்துவிடுவார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் ஒரு பட்டியலையும் கையோடு கொண்டு வருகிறார்கள். காலையில் கொடிமலை, அப்புறம் தண்ணீர்மலை, மத்தியானம் கோட்டை, சாயங்காலம் தேசியப் பூங்கா, ராத்திரி நாசி கண்டார் சோறு. போன விடுமுறையில் மச்சானிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: "ஒரு நாளைக்கு ஒரே இடம்தான் மச்சான். மிச்சத்துக்கு அடுத்த தடவை வாங்க."

முதல் நாள் தெலுக் பஹாங். அங்குள்ள காட்டை 2003இல்தான் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் படகில் போய்விடலாம் என்றார் மச்சான். வரும்போது வேண்டுமானால் படகு, போகும்போது நடைதான் என்றேன். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வேர்களே படிக்கட்டு, மழை பெய்திருந்தால் வழுக்கும். பாதி வழியில், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட இலைக்குரங்குகள் தலைக்கு மேல் கிளை தாவின. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படகில் போயிருந்தால் இது கிடைத்திருக்காது.

கடற்கரையை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. மேலே ஆற்று நீர், அடியில் கடல் நீர், இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். மழைக்காலத்தில்தான் நிரம்பும், வறண்ட மாதங்களில் வெறும் மணலாகக் கிடக்கும். பக்கத்திலேயே ஆமை முட்டைகளைக் காக்கும் மையம். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது, சூடு கூடினால் பெண் என்று நான் சொன்னதும் மச்சானின் மகள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அரை மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்று படகுக்காரர் காத்திருந்தால் அவளை இழுத்துக்கொண்டு வந்திருப்போம்.

மறுநாள் கார்ன்வாலிஸ் கோட்டை. படம் எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது அது நிபோங் என்ற பனை வகை மரங்களை நட்ட வேலிதான். பிறகு செங்கல்லில் எழுப்பியது யார்? இந்தியாவில் இருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். அந்தக் கோட்டை எந்தப் போரையும் பார்க்கவில்லை. அங்குள்ள, 1603ஆம் ஆண்டு வார்த்த ஸ்ரீ ரம்பாய் பீரங்கியைப் பிள்ளை வரம் கேட்டுப் பூ வைக்கும் பீரங்கியாகத்தான் ஊருக்குத் தெரியும். கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மச்சானின் மகள் கேட்டாள்: "அந்தக் கைதிங்க எல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போனாங்களா மாமா?" தண்டனை முடிந்த பிறகும் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எங்கள் தாத்தா கப்பலில் வந்த கதையையும் சொன்னேன். மச்சானுக்கே அதில் பாதி புதிது.

பட்டியலில் எட்டு இடம் பாக்கி என்று அக்காவுக்குக் கொஞ்சம் மனக்குறைதான். பரவாயில்லை, இடங்கள் எங்கேயும் போய்விடாது.

இந்த விடுமுறைக்கு அதே தேசியப் பூங்காவில் உள்ள முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் என்று முடிவாகிவிட்டது. 1883இல் கட்டியது, கடைசி ஏற்றம் செங்குத்து. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், நல்ல சப்பாத்து. காலை எட்டு மணிக்குப் பூங்கா வாசலில் பெயர் பதிந்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிள்ளைகளுக்குக் கஷ்டம்.