செய்தியில் தேதி எங்கே?

போன மாதம் ஒரு காலை, நான் இருக்கும் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி இணைப்பு வந்தது. எங்களில் பலருக்கு அட்டைப்பெட்டி செய்து தரும் நிறுவனம் கடன் தாங்காமல் ஆலையை மூடுகிறது என்று தலைப்பு. நான் இணைப்பைத் திறக்கவே இல்லை. "ஆர்டர் கொடுத்தவர்கள் கவனம்" என்று ஒரு வரி சேர்த்து, இன்னும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மதியம் அந்த நிறுவனத்தின் உரிமையாளரே கூப்பிட்டார். கோபப்படவில்லை. "சார், அது ஆறு வருஷத்துக்கு முந்தின செய்தி. மூடினது எங்க பழைய யூனிட் ஒண்ணு. கடனெல்லாம் எப்பவோ அடைச்சாச்சு. நீங்களே போட்டிருக்கீங்களேன்னுதான் கூப்பிட்டேன்" என்றார். அதற்குள் மூன்று பேர் ஆர்டரை நிறுத்தியிருந்தார்கள். அவருக்கு மூலப்பொருள் கொடுப்பவர் பாக்கி முழுவதையும் உடனே கேட்டிருக்கிறார். அப்புறம்தான் இணைப்பைத் திறந்து பார்த்தேன். தேதி இருந்தது. கட்டுரையின் அடியில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எப்போதோ படித்த யுனைடெட் ஏர்லைன்ஸ் விவகாரம் நினைவுக்கு வந்து, மறுபடி தேடிப் படித்தேன். அந்த அமெரிக்க விமான நிறுவனம் 2002 டிசம்பரில், கடனைச் சீரமைக்க அவகாசம் தரும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது, 2006இல் அதிலிருந்து மீண்டது. ஆனால் 2002இல் வந்த செய்தி ஃப்ளோரிடா நாளிதழ் ஒன்றின் இணையதளத்தில் அப்படியே கிடந்தது, பக்கத்தில் தேதி இல்லாமல். 2008 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, ஆள் நடமாட்டமே இல்லாத நேரத்தில், யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். அந்தச் சிறு அசைவே அதை 'அதிகம் படிக்கப்பட்டவை' பட்டியலில் ஏற்றிவிட்டது. கூகுளின் செய்தி திரட்டும் தானியங்கி நிரல் அதை அன்றைய செய்தி என்று எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை அது, பங்கு வர்த்தகர்கள் பார்க்கும் ப்ளூம்பெர்க் செய்தித் திரைகளுக்கும் வந்தது. 12 டாலர் அளவில் இருந்த பங்கு, வர்த்தகத்தை நிறுத்துவதற்குள் 3 டாலருக்கு விழுந்தது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. செய்தியின் ஒவ்வொரு வாக்கியமும் அது எழுதப்பட்ட நாளில் உண்மை. என்னை உலுக்கியது அதுதான். பொய்ச் செய்தி என்றால் கொஞ்சமாவது உஷாராகிறோம். 2013 ஏப்ரலில் ஏபி செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கை யாரோ கைப்பற்றி, வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாகப் போட்டார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையின் டோ ஜோன்ஸ் குறியீடு 140 புள்ளிகளுக்கு மேல் சரிந்து, சில நிமிடங்களிலேயே மீண்டது. அதை மறுக்க ஓர் ஆள் இருந்தார். பழைய உண்மையை யார் மறுப்பது? எழுதியவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

அச்சு நாளிதழில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி இருக்கும். அதைப் பார்க்காவிட்டாலும் மஞ்சளித்த தாளே சொல்லிவிடும். இணையப் பக்கம் மஞ்சளிப்பதில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய கட்டுரையும் இன்று காலை வந்ததும் ஒரே எழுத்துருவில், ஒரே பளபளப்பில் நிற்கின்றன. இதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. பல செய்தித் தளங்கள் பக்கம் திறக்கப்படும்போது காட்டும் விளம்பரங்களில்தான் பிழைக்கின்றன. புதிய செய்திக்கு நிருபர் வேண்டும், ஆசிரியர் வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். பழைய செய்தியை யாராவது திறந்தால் செலவே இல்லாமல் வருமானம் வரும். அப்படி இருக்கும்போது "இது பழையது, போய் வாருங்கள்" என்று சொல்ல எந்தத் தளத்துக்கு மனம் வரும்? சில தளங்கள் ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்று போடுகின்றன. இதை நான் ஏமாற்று என்றே சொல்வேன், வேறு நல்ல சொல் தேடத் தேவையில்லை.

ஆனால் மனம் வந்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2019இல், ஓராண்டு தாண்டிய கட்டுரைகளின் மேல் எத்தனை வருடம் பழையது என்று மஞ்சள் நிறத்தில் காட்டத் தொடங்கியது. பகிரும்போது தெரியும் படத்திலேயே ஆண்டு இருக்கும். 2020 ஜூனில் ஃபேஸ்புக், 90 நாளுக்கு மேற்பட்ட செய்தியைப் பகிரப் போனால் எச்சரிக்கும் வசதியை அறிவித்தது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவைப்படவில்லை பாருங்கள். ஆனால் இணைப்பை வெட்டிவிட்டு தலைப்பை மட்டும் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் இந்த ஏற்பாடெல்லாம் போய்விடும். அந்த இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.

சரி, அப்படியானால் நிறுவனங்களைப் பற்றிக் கெட்ட செய்தியே பகிரக் கூடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அப்படிச் சொல்ல மாட்டேன். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வெளியே எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாள் அரசு வங்கியை மூடியது. சமூக ஊடகமும் குழுச் செய்திகளும் அந்தப் பயத்தை வேகமாகப் பரப்பின என்பது உண்மை. ஆனால் வங்கி வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் வட்டி உயர்ந்ததால் மதிப்பிழந்ததும் உண்மை, அவற்றில் ஒரு பகுதியை விற்று 180 கோடி டாலர் நட்டம் கண்டதாக மார்ச் 8 அன்று வங்கியே அறிவித்திருந்தது. பணம் போட்டவருக்கு அது தெரிய வேண்டிய செய்திதான். அன்றைய செய்தியும்கூட. எங்கள் குழுவில் வந்ததும் இதுவும் ஒன்றல்ல.

ஒரு தொழில் நிற்பது நம்பிக்கையின் மேல். மூலப்பொருள் கடனுக்கு வருகிறது, சரக்கு கடனுக்குப் போகிறது. நடுவில் யாராவது ஒருவர் பயந்து கையை இழுத்தால் மற்றவர்களும் இழுக்கிறார்கள். ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் நின்றுவிடலாம். அப்படி நின்றால், ஆறு வருடத்துக்கு முந்தைய செய்தியை இன்று நானே உண்மையாக்கியிருப்பேன். இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றே மூன்று குழுக்களிலும் மறுப்பு போட்டேன். முதல் செய்தியை உடனே அங்கங்கே அனுப்பியவர்களில் பலர் மறுப்பை அனுப்பவில்லை. அதனால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் ஆர்டரைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாமவர் இன்னும் யோசிக்கிறார். நாளை அவரை நேரில் போய்ப் பார்க்கிறேன்.